முதல் டிராக் நாளுக்கு முன்: பிரேக் பேடைத் தேர்ந்தெடுப்பதும் பழக்குவதும்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் ஒரு டிராக் நாளில், அதாவது சொந்தக் காரைத் தளத்தில் ஓட்டிப் பார்க்கும் நாளில், முதன்முறையாக என் காரை ஓட்டியபோது, ஐந்தாவது சுற்றில் பிரேக் பெடல் தரைவரை இறங்கியது. நேர்ப்பாதை முடியும் இடம். மீண்டும் மீண்டும் மிதித்தேன்; மூன்றாவது மிதிக்குத்தான் கொஞ்சம் பிடித்தது. கார் தளத்தை விட்டு விலகி மண்ணில் ஓடி நின்றது. யாருக்கும் அடி படவில்லை. முந்தைய வாரம்தான் பட்டறையில் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்து, பேட் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. சாலைக்கு அது நல்ல பிரேக்தான்.

சாலையில் தேவைப்படும் பிரேக்கும் டிராக்கில் தேவைப்படும் பிரேக்கும் வேறு வேறு என்பதை அன்று மண்ணில் நின்றபடி புரிந்துகொண்டேன். நீங்கள் அதை இங்கே படித்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வெப்பக் கணக்கு

பிரேக் செய்வது ஒரே வேலை: காரின் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றுவது. சக்கரத்தோடு சுழலும் இரும்பு வட்டை (டிஸ்க்) பேட் என்னும் உராய்வுப் பட்டைகள் இருபுறமும் அழுத்திப் பிடிக்கின்றன. 1,200 கிலோ எடையுள்ள கார் 60 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறத்தாழ 1.7 லட்சம் ஜூல் வெப்பம் உண்டாகிறது. அதே கார் 160 கி.மீ. வேகத்திலிருந்து 80 கி.மீ. வேகத்துக்குக் குறையும்போது உண்டாவது சுமார் 9 லட்சம் ஜூல். முழுதாக நிற்கக்கூட இல்லை. ஒரு திருப்பத்துக்காக வேகம் பாதியாகிறது, அவ்வளவுதான். ஆனாலும் ஐந்து மடங்குக்கும் அதிக வெப்பம். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான ஆற்றலைச் சில நொடிகளில் டிஸ்க்குகளுக்குள் இறக்குகிறோம். அதில் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்குப் போகிறது. டிஸ்க் ஆறுவதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடுகிறது.

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சுற்று 3.7 கி.மீ.; கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் 2.1 கி.மீ. சிறிய தளம் என்றால் பிரேக்குக்கு வேலை குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். நேர்ப்பாதை குறுகினால் டிஸ்க்குக்குக் காற்று வாங்கி ஆறும் நேரமும் குறைகிறது.

இந்த வெப்பத்தில் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். இரண்டையும் கால் வழியாகவே பிரித்தறிய முடியும். பெடல் கல்லைப் போலக் கெட்டியாக இருக்கிறது, எவ்வளவு மிதித்தாலும் கார் வேகம் குறையவில்லை என்றால் பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. பேடில் உள்ள பிசின் சிதைந்து வெளியேறும் வாயு பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே படலமாக நின்று உராய்வைக் குறைக்கிறது. மாறாக, பெடல் பஞ்சைப் போல அமுங்கித் தரைக்குப் போனால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, நீராவியைச் சுருக்கலாம். உங்கள் மிதி முழுவதும் அந்தக் குமிழிகளை நசுக்குவதிலேயே செலவாகிறது. எனக்கு நேர்ந்தது இரண்டாவது. அன்றே விலை உயர்ந்த பேட் வாங்கி மாட்டியிருந்தாலும் அது தீர்ந்திருக்காது.

எனவே ஆயிலில் தொடங்குங்கள்

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். பிரேக் ஆயிலின் தர வகைகளை டாட் எண்ணால் குறிப்பார்கள். டாட் 4 வகைக்குத் தரநிலை கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையில் 155. டாட் 3 வகைக்கு இது 205, 140. சென்னையைப் போன்ற கடலோர ஊரில் இரண்டு மூன்று வருடம் மாற்றாமல் ஓடிய காரின் ஆயில் எந்த எண்ணுக்கு அருகே நிற்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. டிராக் நாளுக்கு முந்தைய வாரத்தில் முழு ஆயிலையும் மாற்றி, நான்கு சக்கரங்களின் பிரேக் குழாய்களிலும் சிக்கிய காற்றை வெளியேற்றிவிடுங்கள் (ஏர் எடுப்பது என்பார்கள்). நல்ல டாட் 4 அல்லது டாட் 5.1 தொடக்கத்துக்குப் போதும். 300 டிகிரிக்கு மேல் தாங்கும் பந்தய ஆயில்களும் கிடைக்கின்றன. அவற்றை அடிக்கடி மாற்ற வேண்டும். டாட் 5 என்பது சிலிகோன் வகை, 5.1 என்பது வேறு. பெயர் ஒற்றுமையில் ஏமாந்து ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது. சீல் பிரித்து வைத்த பழைய டப்பாவையும் பயன்படுத்த வேண்டாம்.

எந்த பேட்?

கடைக்காரரிடம் "எது நல்ல பேட்" என்று கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்காது. "என் ஓட்டத்தில் டிஸ்க் எந்த வெப்பத்தைத் தொடும், அந்த வெப்பத்தில் எந்த பேட் சீராகப் பிடிக்கும்" என்பதே கேட்க வேண்டியது. ஒவ்வொரு பேடுக்கும் ஒரு வெப்ப வட்டாரம் உண்டு. அதற்குக் கீழேயும் அது சரியாக வேலை செய்யாது, மேலேயும் செய்யாது.

காரோடு வரும் பேடும் சாதாரண மாற்று பேடும் ஆர்கானிக், செராமிக் அல்லது உலோகம் குறைவாகக் கலந்த வகையாக இருக்கும். காலையில் முதல் மிதியிலேயே பிடிக்கும், சத்தம் போடாது, தூசி குறைவு. குடும்பத்தோடு பயணிக்க இவையே சரி. டிராக்கில் சில சுற்றுகளில் தளர்ந்துவிடும். இதற்கு நேர் எதிரில் முழுப் பந்தய பேடுகள் இருக்கின்றன: ஹாக் டிடிசி-60, பாகிட் ஆர்எஸ்29 போன்றவை. மிக உயர்ந்த வெப்பத்திலும் பிடிப்பு மாறாது. ஆனால் குளிர்ந்திருக்கும்போது பிடிப்பில் நம்பிக்கை வைக்க முடியாது, டிஸ்க்கைத் தேய்க்கும், ஒவ்வொரு சிக்னலிலும் கிறீச்சிடும். இவற்றைப் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போவது ஆபத்து. குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால் பேட் சூடாகும்வரை காத்திருக்க முடியாது.

நடுவில் உள்ளவைதான் புதியவருக்கு உரியவை. ஃபெரோடோ டிஎஸ்2500, ஈபிசி யெல்லோஸ்டஃப், ஹாக் ஹெச்பி பிளஸ் போன்ற பேடுகள் தளத்துக்கு ஓட்டிச் சென்று, அங்கே ஓடி, அதிலேயே வீடு திரும்புவதற்கென்று செய்யப்பட்டவை. தூசியும் கொஞ்சம் சத்தமும் இருக்கும். என் கருத்தில், ஹேட்ச்பேக் காரையும் சாதாரண டயரையும் வைத்துக்கொண்டு 15 நிமிட அமர்வுகளில் ஓடும் ஒருவருக்கு முதல் ஆண்டு முழுவதும் இதைத் தாண்டி எதுவும் தேவையில்லை.

முதல் மிதியில் கடித்துப் பிடிக்கும் பேடே சிறந்த பேட் என்று பலர் நம்புகிறார்கள். டயர் தரையைப் பற்றும் அளவுக்கு மேல் எந்த பேடாலும் காரை நிறுத்த முடியாது. அதற்கு முன்பே, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யத் தொடங்கிவிடும். சூடாகாத நிலையில் உங்கள் பழைய பேடே ஏபிஎஸ்ஸை எழுப்பும் வலிமை உடையது. டிராக் பேடுக்கு நாம் பணம் கொடுப்பது பத்தாவது சுற்றிலும் அதே இடத்தில், அதே மிதிக்கு, அதே பிடிப்பு வேண்டும் என்பதற்காக. பெடலை மெல்ல விடும்போது பிடிப்பும் மெல்லக் குறைகிறதா என்பதும் முக்கியம். பழகும் காலத்தில் அந்த நிதானம், கடிக்கும் வேகத்தை விடப் பெரிய உதவி.

பல பேடுகளின் விளிம்பில் ஒரு குறியீட்டின் முடிவில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும். முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உராய்வுக் குணகத்தையும், இரண்டாவது சூடான நிலையில் அதையும் குறிக்கும். 'ஈ' என்றால் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55 வரை. இரண்டாவது எழுத்து முதல் எழுத்தை விடக் கீழே இருந்தால் சூட்டில் பிடிப்பு இறங்கும் பேட் என்று அறியலாம். ஆனால் இது சிறு துண்டை வைத்து ஆய்வகத்தில் எடுக்கும் அளவு. டிராக்கின் வெப்பத்துக்கு இதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. பேட் நிறுவனம் தரும் வெப்ப வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

முன்னும் பின்னும் டிஸ்க் உள்ள காரில் இரண்டுக்கும் ஒரே குடும்பத்து பேட் போடுவது நல்லது. முன்பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் சமநிலை கொஞ்சம் முன்னால் நகரும். அது பொறுத்துக்கொள்ளக் கூடியது. பின்பக்கம் மட்டும் வலுவான பேட் போடுவதை ஒருபோதும் செய்யாதீர்கள், பிரேக் போடும்போது வால்பக்கம் சுழன்றுவிடும். நம் ஊர் ஹேட்ச்பேக்குகளில் பலவற்றுக்குப் பின்னால் டிரம்தான். கவலை வேண்டாம், வெப்பச் சுமை முன்னால்தான் அதிகம். டிரம்மில் ஷூக்களின் (பேடுக்குப் பதில் அங்கே உள்ள உராய்வுப் பட்டைகளின்) தடிமனையும் ஆயில் கசிவையும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது

காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி வேலை செய்யாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். பழைய தூசியை ஏர் அடித்து ஊதக் கூடாது, முகக்கவசத்தோடு பிரேக் கிளீனர் தெளித்துக் கழுவ வேண்டும். காலிபர் (பேடை டிஸ்க்கோடு அழுத்தும் கவ்வி) நகரும் பின்களைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்று உள்ள சிலிகோன் கிரீஸ் தடவுங்கள். இந்தப் பின்கள் இறுகியிருந்தால் ஒரு பக்கப் பேட் மட்டும் சாய்ந்து தேயும். எவ்வளவு விலையுள்ள பேடும் அங்கே வீண். பேடைத் தள்ளும் பிஸ்டனைக் காலிபருக்கு உள்ளே தள்ளும்போது மேலே ஆயில் டப்பா நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள், வழிந்தால் பெயின்ட்டை உரித்துவிடும்.

புதிய டிஸ்க் என்றால் துருப் பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயை முழுதாகக் கழுவ வேண்டும். டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் துரு இருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுங்கள். அங்கே தங்கும் ஒரு துளி துரு டிஸ்க்கின் விளிம்பில் பெரிய ஆட்டமாக மாறும். பழைய டிஸ்க்கோடு ஓடுவதானால் அதன் மீது பொறித்துள்ள குறைந்தபட்சத் தடிமனை அளந்து ஒப்பிடுங்கள். வேறு வகைப் பேட் ஓடிய டிஸ்க் என்றால் பழைய படலத்தை உப்புத்தாளால் வட்ட வட்டமாகத் தேய்த்து நீக்குங்கள்.

சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்), காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். பிறகு, காரை ஓர் அடி நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள். இதை மறந்தால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது.

பழக்குவது

புதிய இரும்பு தோசைக்கல்லில் அன்றே தோசை வார்த்தால் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். எண்ணெய் தடவிச் சூடாக்கி, ஆற விட்டு, மீண்டும் சூடாக்கி, கல்லின் மேல் ஒரு மெல்லிய படலம் ஏறிய பிறகுதான் அது பழகிய கல். டிஸ்க்கிலும் நடப்பது ஏறத்தாழ இதுவே. மேடு பள்ளங்களைத் தேய்த்து பேடையும் டிஸ்க்கையும் பொருத்துவது இதில் சிறு பகுதிதான். முக்கியமான வேலை, பேடின் பொருள் வெப்பத்தில் டிஸ்க்கின் மீது ஒரே சீரான மெல்லிய படலமாக ஒட்டுவது. பழகிய டிஸ்க்கில் பேட் வெறும் இரும்பின் மீது உராய்வதில்லை. தன் சொந்தப் படலத்தின் மீது உராய்கிறது. கடையில் வாங்கி வருவது பாதி பிரேக்தான். மறுபாதியை டிஸ்க்கின் மீது நீங்கள்தான் உருவாக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. புதிய பேடில் உள்ள பிசின் முதன்முறை கடுமையாகச் சூடாகும்போது அதிக வாயுவை விடும். பழக்காத பேடை நேராக முழு வேகத்தில் ஓட்டினால், புதிது என்பதாலேயே அது கைவிடும்.

பேடோடு வரும் தாளில் நிறுவனம் தன் முறையைச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். சாலை, டிராக் இரண்டுக்குமான பேடுக்கு நான் பின்பற்றும் முறை இது. இதைத் தளத்தில், அன்றைய முதல் அமர்வில், நடத்துபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பின்னால் வருபவர் நீங்கள் காரணமில்லாமல் வேகத்தைக் குறைப்பதை எதிர்பார்க்க மாட்டார். பொதுச் சாலையில் முதல் இரண்டு படிகளுக்கு மேல் போகக் கூடாது; அதுவும் விடியற்காலையில், பின்னால் யாரும் இல்லாதபோது மட்டும்.

1. ஐந்து நிமிடம் சாதாரணமாக ஓட்டி, இடையிடையே லேசாக பிரேக் பிடித்து எல்லாவற்றையும் வெதுவெதுப்பாக்குங்கள்.

2. 60 கி.மீ. வேகத்திலிருந்து 20 கி.மீ. வரை, மிதமான அழுத்தத்தில், ஆறு முதல் எட்டு முறை.

3. 100 கி.மீ. வேகத்திலிருந்து 30 கி.மீ. வரை, உறுதியான அழுத்தத்தில், எட்டு முதல் பத்து முறை. ஏபிஎஸ் எழக் கூடாது. வேகம் 30ஐத் தொட்டதும் காலை எடுத்து, உடனே மீண்டும் 100க்கு ஏற்றுங்கள்; இடையில் ஆற விடாதீர்கள். எந்தச் சுற்றிலும் கார் முழுதாக நிற்கக் கூடாது.

4. கடைசிச் சில முறைகளில் கருகிய நெடி வரும், மெல்லிய புகையும் வரலாம், பிடிப்பு சற்றுத் தளரலாம். அது பிசின் வெளியேறும் அடையாளம். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

5. பத்து நிமிடம், முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல், மிதமான வேகத்தில் ஓட்டி ஆற்றுங்கள்.

6. காரை நிறுத்தி, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கைப்பிரேக் போடாதீர்கள். டிஸ்க் முழுதாகக் குளிரும்வரை, குறைந்தது ஒரு மணி நேரம், விட்டுவிடுங்கள்.

மூன்றாவது படியில் நிற்கக் கூடாது என்று சொன்னதையும், ஆறாவதில் கைப்பிரேக் வேண்டாம் என்று சொன்னதையும் சாதாரண அறிவுரையாக எண்ணிக் கடந்துவிடாதீர்கள். சூடான டிஸ்க்கை பேட் ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு நின்றால், அந்த இடத்தில் மட்டும் பேடின் பொருள் கூடுதலாக ஒட்டிவிடும். பேடின் வடிவமே டிஸ்க்கில் முத்திரையாகத் தெரியும். அடுத்த அமர்வில் ஒவ்வொரு சுழற்சியிலும் அந்தத் திட்டு பேடைத் தட்டும், ஸ்டீயரிங் நடுங்கும். பட்டறையில் "டிஸ்க் வளைந்துவிட்டது" என்பார்கள். பெரும்பாலும் வளைவதில்லை, திட்டுத் திட்டாகப் படிந்திருக்கிறது. அப்படியே தொடர்ந்து ஓட்டினால் திட்டு இருக்கும் இடம் மட்டும் மேலும் சூடாகி, அங்கே இரும்பு கடினமான இரும்புக் கார்பைடாக மாறும். அதற்குப் பிறகு லேத்தில் கொடுத்துச் சீவினாலும் நடுக்கம் திரும்பி வந்துவிடும். புது டிஸ்க்தான் வழி.

நடுக்கம் தொடங்கிய உடனேயே கவனித்தால் காப்பாற்றலாம். பழக்கும் முறையை மீண்டும் ஒருமுறை முழுதாகச் செய்தால் பல நேரங்களில் படலம் சமமாகிவிடும். இல்லையென்றால் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சரியாகப் பழகிய டிஸ்க்கைப் பார்த்தாலே தெரியும். பளபளப்பான புது இரும்பின் நிறம் போய், வட்டம் முழுவதும் ஒரே சீரான நீலம் கலந்த சாம்பல் நிறம் வந்திருக்கும். பாதி பளபளப்பு, பாதி கருமை என்றிருந்தால் இன்னொரு முறை தேவை.

ஓடும் நாளில்

முதல் அமர்வில் வேகத்தைத் தேடாதீர்கள். மிதமான வேகத்தில் நீண்ட நேரம் பிரேக்கைத் தேய்த்தபடி திருப்பத்துக்குள் போவது புதியவர்களின் இயல்பு. வெப்பத்தை அது அதிகமாக ஏற்றுகிறது. நேராக இருக்கும்போது உறுதியாக மிதித்து, வேலை முடிந்ததும் காலை எடுத்துவிடுங்கள். காரின் ஸ்திரத்தன்மைக் கட்டுப்பாடு வேலை செய்வதும் பிரேக் வழியாகத்தான். அது அடிக்கடி குறுக்கிட்டால் உங்களுக்குத் தெரியாமலே பேட் சூடேறும். அதை அணைக்காதீர்கள், திருப்பத்தில் நிதானமாகப் போங்கள்.

பெடல் வழக்கத்தை விடக் கொஞ்சம் கீழே போவதாகத் தோன்றினால் அது முதல் எச்சரிக்கை. இன்னும் ஒரு சுற்று பார்க்கலாம் என்று நினைக்காமல், வேகத்தைக் குறைத்து வெளியே வந்துவிடுங்கள். நான் அந்த நாளில் நான்காவது சுற்றிலேயே அதை உணர்ந்தேன்.

ஒவ்வொரு அமர்விலும் கடைசிச் சுற்று ஆற்றும் சுற்று. வெளியே வந்த பிறகும் வாகனங்கள் நிற்கும் இடத்தில் இரண்டு மூன்று நிமிடம் மெல்ல உருட்டுங்கள். நிற்கும்போது பெடலில் கால் வேண்டாம், கைப்பிரேக் வேண்டாம். கியரும் கட்டையும் போதும்.

அமர்வுகளுக்கு நடுவே சக்கரக் கம்பிகளின் இடைவெளி வழியாக பேடின் தடிமனைப் பாருங்கள். சாலையில் 3 மி.மீ. வரை ஓட்டலாம் என்பார்கள். டிராக்கில் பாதிக்குக் கீழே இறங்கியதை நம்பக் கூடாது. பேட் மெலியும்போது தேய்மானம் வேகமாகும். டிஸ்க்கின் வெப்பம் குறுகிய வழியில் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் போய்விடும். அளக்க விரும்பினால் டிஸ்க் விளிம்பில் தடவும் வெப்ப வண்ணப்பூச்சு கிடைக்கிறது. குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டினால் நிறம் மாறும். அடுத்த பேடை வாங்கும்போது ஊகத்துக்குப் பதில் அந்த அளவு கையில் இருக்கும்.

வீட்டுக்குப் போகும் முன் சக்கர நட்டுகளை மீண்டும் சோதியுங்கள், ஆயில் அளவைப் பாருங்கள், பெடலை மிதித்துப் பாருங்கள். நெடுஞ்சாலையில் முதல் சில கிலோமீட்டரில் பேட் குளிர்ந்திருக்கும். முன்னால் போகும் வண்டிக்குக் கூடுதல் இடைவெளி விடுங்கள். வார நாட்களுக்குப் பழைய பேடுக்குத் திரும்புவதானால், முடிந்தால் டிஸ்க்கையும் சேர்த்தே மாற்றுங்கள். டிராக் பேடையும் அதனோடு பழகிய டிஸ்க்கையும் ஒன்றாகச் சுற்றி, இடது, வலது, உள், வெளி என்று எழுதி, ஈரம் படாத இடத்தில் வைத்துவிட்டால் அடுத்த முறை ஒரு சுருக்கமான சூடேற்றலோடு வேலை முடிந்துவிடும்.